வெளியிலிருந்து வரும் அழைப்பு நடுவில் அறுகிறது, சில போனுக்கு மணியே இல்லை: 42 ஐபி போன் பொருத்தியவனின் புலம்பல்

முதல்மணி:

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் பழைய எக்ஸ்சேஞ்ச் பெட்டியைக் கழற்றிவிட்டு 42 மேசைக்கும் ஐபி போன் (கம்ப்யூட்டர் வலை வழியாகப் பேசும் போன்) வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் பார்க்கிற ஆள், போனில் இதுதான் முதல் வேலை. அழைப்புகளை இணைக்கும் சர்வர் எங்கள் கட்டடத்தில் இல்லை, வெளியே ஒரு சேவையாளரிடம் இருக்கிறது. உள்ளே 24 போர்ட் பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே போனுக்கு மின்சாரமும் தருவது) இரண்டு, ஒவ்வொன்றிலும் 21 போன். பொருத்தி முடிக்க இரண்டே நாள்தான் ஆனது. பெருமைப்பட்டுக்கொண்டேன். மூன்றாம் நாளிலிருந்து தூக்கம் இல்லை.

வெளியிலிருந்து வரும் அழைப்பை எடுத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே அறுந்துவிடுகிறது. நாங்கள் வெளியே போடும் அழைப்பு அறுவதில்லை. அடுத்து, சில போன்கள் சர்வரில் பதிவாகியிருப்பதாகத் திரையில் காட்டுகின்றன, ஆனால் கூப்பிட்டால் மணி அடிப்பதில்லை. அதே போனிலிருந்து யாருக்காவது ஒரு அழைப்பு போட்டுவிட்டால் அப்புறம் கொஞ்ச நேரம் ஒழுங்காக அடிக்கிறது. இரண்டாவது ஸ்விட்சில் பாதிப் போன்களுக்கு உயிரே இல்லை. 14-ஆம் மேசைப் போன் தனி ரகம்: மணி அடிக்கும், ரிசீவரை எடுத்தால் இந்தப் பக்கமும் கேட்காது, அந்தப் பக்கமும் கேட்காது.

இதுவரை நான் செய்தது: மூன்று போனில் ஃபர்ம்வேர் (போனுக்குள் ஓடும் மென்பொருள்) மாற்றினேன். ஏழு போனை ஃபேக்டரி ரீசெட் செய்தேன். கோடெக் (குரலை டிஜிட்டலாக்கும் முறை) வரிசையை மேலும் கீழுமாக மாற்றிப் பார்த்தேன். ஃபயர்வாலில் 5060 போர்ட்டைத் (போன் அழைப்புச் செய்திகள் வரும் எண் வாசல்) திறந்து 3-ஆம் மேசைப் போனுக்குத் திருப்பிவிட்டேன். அந்த ஒரு போனில் மட்டும் அழைப்பு அறுவது நின்றுவிட்டது! ஆனால் ஒரு போர்ட்டை ஒரு போனுக்குத்தானே திருப்ப முடியும், மற்ற 41-க்கு என்ன செய்வது?

டயல்டோன்:

ரூட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒன்று இருக்கும், அழைப்பை ஏற்படுத்தும் எஸ்ஐபி செய்திகளில் கைவைக்கும் வசதி. அதை அணைத்துவிட்டு வாருங்கள். எனக்குத் தெரிந்து எல்லா இடத்திலும் முதல் வேலை அதுதான்.

கம்பிக்காரர்:

தம்பி, முதலில் கையை எடு. நான்கு நோய்க்கு நான்கு மருந்தை ஒன்றாகக் கலந்து கொடுத்திருக்கிறாய். இனி எது எதனால் சரியானது, எது எதனால் கெட்டது என்று யாருக்கும் தெரியாது.

எதையும் மாற்றாமல் எனக்கு மூன்று பதில் வேண்டும்.

அழைப்பு அறுகிறது என்றாயே, எத்தனையாவது நொடியில்? "கொஞ்ச நேரத்தில்" என்பது பதில் இல்லை. கைப்பேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, ரிசீவரை எடுத்த கணத்திலிருந்து எண்ணு. நான்கைந்து முறை எண்ணு. எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் மாறினால் ஒரு கதை, ஒரே எண்ணில் வந்து நின்றால் வேறு கதை.

இரண்டாவது ஸ்விட்சில் எந்தெந்தப் போர்ட் எரிகிறது? "பாதி" வேண்டாம், எண் வேண்டும். ஸ்விட்ச் மொத்தம் எத்தனை வாட் தரும் என்று அதன் பட்டியலில் போட்டிருக்கும், அதையும் பார்.

14-ஆம் மேசையில் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்திப் பேசினால் கேட்கிறதா?

இரவுப்பணி:

டயல்டோன் சொல்வதைத்தான் நானும் சந்தேகிக்கிறேன். ஆனால் ஏஎல்ஜி இப்போது எல்லா வீட்டிலும் திட்டு வாங்குகிற மருமகள் மாதிரி ஆகிவிட்டது. குரல் கரகரத்தாலும் அதுதான், போன் எரியாவிட்டாலும் அதுதான். அணைப்பதற்கு முன்னால் அது என்ன செய்தது என்று ஒருமுறை பாருங்கள், பத்து நிமிட வேலை. இல்லாவிட்டால் நாளைக்கு ரூட்டரை மாற்றும்போது இதே இழையை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

பல ஐபி போன்களின் வெப் பக்கத்திலேயே பாக்கெட் (வலையில் போகும் தரவுத் துண்டு) பிடிக்கிற வசதி இருக்கிறது. தொடங்கு, நிறுத்து, இறக்கு, அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் ஸ்விட்சில் அந்தப் போர்ட்டை உங்கள் லேப்டாப் போர்ட்டுக்கு மிரர் செய்யுங்கள், போய்வருவதன் நகல் உங்களுக்கும் வரும். வயர்ஷார்க் என்ற பாக்கெட் பார்க்கும் நிரலில் திறந்து, டெலிபோனி மெனுவில் வாய்ப் கால்ஸ் என்பதைத் தட்டினால் அழைப்பை ஏணிப் படம் போல வரைந்து காட்டும். அதைப் படிக்க நிபுணராக இருக்கத் தேவையில்லை. யார் யாருக்கு என்ன சொன்னார், யார் பதிலே சொல்லவில்லை என்பது கண்ணில் தெரியும்.

ஒன்று மட்டும்: பதிவு செய்யும்போது முதலில் 401 என்று ஒரு மறுப்பு வரும். பயந்துவிடாதீர்கள். போன் கடவுச்சொல் இல்லாமல் கதவைத் தட்டும், சர்வர் "யார் நீ" என்று கேட்பதுதான் 401. அடுத்த முறை அடையாளத்தோடு போய் 200, அதாவது "சரி", வாங்கிவரும். 401 திரும்பத் திரும்ப வந்தாலோ 403 வந்தாலோதான் கடவுச்சொல்லைப் பார்க்க வேண்டும்.

முதல்மணி:

எண்ணினேன். ஐந்து அழைப்பு: 32, 32, 31, 32, 32. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை நாள் "திடீர் திடீரென்று" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஸ்விட்ச்: 1 முதல் 12 வரை எரிகிறது, 13-லிருந்து இருட்டு. ஆனால் ஒரு விசித்திரம். 5-ஆம் போர்ட் கேபிளைக் கழற்றினால் 13 எரிகிறது. 5-ஐத் திரும்பச் செருகினால் ஏதோ ஒன்று அணைகிறது. மொத்தம் 185 வாட் என்று போட்டிருக்கிறது. முதல் ஸ்விட்சும் அதே மாடல்தான், அதில் 21 போனும் எரிகிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இரவுக் காவலர் வந்து இன்னொன்று சொன்னார். இரவு ஒரு மணிக்கு மேல் 3-ஆம் மேசைப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறதாம். எடுத்தால் யாரும் இல்லையாம். திரையில் 100, 1001 என்று ஏதேதோ எண்கள். அவர் இரண்டு நாளாக அந்தப் பக்கமே போவதில்லையாம்.

கம்பிக்காரர்:

முதலில் காவலருக்கு: பேய் இல்லை. 5060-ஐத் திறந்து வைத்தாய் அல்லவா, இணையத்தில் நாள் முழுக்க அந்தப் போர்ட்டைத் தட்டிப் பார்க்கும் ஸ்கேனர் நிரல்கள் சுற்றுகின்றன. உன் பொது முகவரிக்கு ஒரு அழைப்புக் கோரிக்கையை வீசும். ஃபயர்வால் நேராக 3-ஆம் மேசையில் கொண்டுபோய்க் கொடுக்கிறது, போனும் சர்வரிடமிருந்து வந்ததாக நினைத்து மணியடிக்கிறது. அந்தத் திருப்பலை இந்த நிமிடமே எடு. போன் அமைப்பில் "பதிவு செய்த சர்வரிடமிருந்து வருவதை மட்டும் ஏற்றுக்கொள்" என்கிற பொருளில் ஒரு தேர்வு இருக்கும், அதையும் போடு. வெப் பக்கக் கடவுச்சொல் இன்னும் பெட்டியில் வந்தபடியே இருந்தால் அதையும் மாற்று. மணியடித்துத் தொந்தரவு செய்வதோடு போனால் நல்ல காலம். நீட்டிப்பு எண்ணும் கடவுச்சொல்லும் ஒன்றாக இருக்கிற இடங்களில் இரவோடு இரவாக வெளிநாட்டு அழைப்புகளை ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள், பில் உங்கள் பெயருக்கு வரும்.

அடுத்து ஸ்விட்ச். உன்னுடைய சங்கீத நாற்காலி ஆட்டத்துக்குக் கணக்கு இதோ. 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தில் ஒரு போர்ட் அதிகபட்சம் 15.4 வாட் தரும். 185-ஐ 15.4-ஆல் வகு. 12. பன்னிரண்டு நாற்காலிதான். அந்த ஸ்விட்ச் ஒவ்வொரு போனும் எவ்வளவு எடுக்கிறது என்று பார்க்காமல், அதன் வகுப்பை (அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம் என்ற பிரிவு) பார்த்து முழுதையும் ஒதுக்கிவைக்கிறது. உண்மையில் சாதாரண மேசைப் போன் அதில் பாதிகூட எடுக்காது. பவர் ஒதுக்கும் முறை என்ற அமைப்பை வகுப்பிலிருந்து உண்மைப் பயன்பாட்டுக்கு மாற்று. முதல் ஸ்விட்சில் அப்படித்தான் இருக்கும், போய்ப் பார். மாற்றிய பிறகு மொத்தம் எத்தனை வாட் ஓடுகிறது என்று எனக்குச் சொல். பெரிய வண்ணத் திரை வைத்த போன்களும் பக்கத்தில் கூடுதல் பொத்தான் பலகை வைத்தவையும் இருந்தால் கணக்கு மாறும்.

இப்போது 32. இந்த எண்ணைப் பார்த்தாலே எனக்குப் பழைய நண்பனைப் பார்த்த மாதிரி. எஸ்ஐபி விதிமுறை, 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3261, அதில் டி1 என்று ஒரு அடிப்படை நேரம், அரை நொடி. அதன் 64 மடங்கு வரை பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். 64 அரைநொடி, 32 நொடி. போன் அழைப்பை எடுத்ததும் "200 ஓகே" என்று சர்வருக்குச் சொல்கிறது. சர்வர் "சரி, வந்தது" என்று ஏசிகே அனுப்ப வேண்டும். அது வராவிட்டால் போன் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, 32-ஆவது நொடியில் "என்னை யாரும் கேட்கவில்லை" என்று தானே அழைப்பை வைத்துவிடும். இடையில் பேச்சு ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும், ஏனென்றால் குரல் வேறு வழியில் போகிறது. வெளியே போடும் அழைப்பில் ஏசிகே அனுப்புவது நம் போன்தான், அதனால்தான் அது அறுவதில்லை.

ஆக, உன் போன்களில் குற்றமில்லை. ஏசிகே எங்கே போகிறது என்று கண்டுபிடி.

முதல்மணி:

பிடித்தேன் அண்ணா. 200 ஓகே போகிறது. அரை நொடியில் மறுபடி. அப்புறம் 1 நொடி விட்டு, 2 நொடி விட்டு, பிறகு 4, 4, 4 என்று கடைசிவரை. பார்க்கவே பாவமாக இருந்தது. 32-இல் போனே முடித்துவிடுகிறது. நீங்கள் சொன்னது அப்படியே.

சேவையாளரிடம் அவர்கள் பக்கத்து லாக் கோப்பைக் கேட்டு வாங்கினேன். போன் தன் தொடர்பு முகவரியாக 192.168.20.34, போர்ட் 5060 என்று எழுதுகிறது. அங்கே போய்ச் சேரும்போது எங்கள் பொது முகவரி இருக்கிறது, ஆனால் போர்ட் 5060 என்றே இருக்கிறது. பாக்கெட் உண்மையில் வெளியேறியது 31044 என்ற போர்ட்டிலிருந்து. பதிவுக் கோரிக்கையில் இந்தக் குழப்பம் இல்லை, அங்கே இரண்டும் சரியாக இருக்கிறது. அழைப்பை எடுக்கும்போது போகும் பதிலில் மட்டும்தான் இப்படி.

இரவுப்பணி:

இப்போது டயல்டோனுக்குக் கை கொடுக்கலாம். முகவரியை யாரோ நடுவில் திருத்தியிருக்கிறார்கள். அந்தத் திருத்தக்காரர்தான் ஏஎல்ஜி. நாட் செய்யும்போது (ரூட்டர் உள்முகவரியைப் பொது முகவரியாக மாற்றும்போது) பாக்கெட்டின் உறையில் மட்டும் முகவரி மாறும், உள்ளே இருக்கும் கடிதத்தில் மாறாது. எஸ்ஐபி கடிதத்துக்குள்ளேயும் முகவரி எழுதுகிற பழக்கம் கொண்டது. அதைத் திருத்திக் கொடுக்கும் நல்ல எண்ணத்தில் ஏஎல்ஜி-யைச் செய்தார்கள். உங்கள் ரூட்டரில் அது முகவரியைத் திருத்திவிட்டுப் போர்ட்டை மறந்துவிட்டது.

தொடாமல் விட்டிருந்தாலே நன்றாக இருந்திருக்கும். 192.168 என்று பார்த்ததும் சர்வர் "இது உள்முகவரி, இதற்கு அனுப்ப முடியாது" என்று புரிந்துகொண்டு, பாக்கெட் வந்த வழியிலேயே பதிலை அனுப்பியிருக்கும். இன்றைய சர்வர்கள் இதைத் தாமாகவே செய்யும், அல்லது நாட் என்ற பெயரில் ஒரு தேர்வு இருக்கும். அரைகுறையாகத் திருத்திய முகவரியைப் பார்த்தால்தான் ஏமாந்துவிடும்.

இன்னொரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? 42 போனுக்கும் வரவேண்டிய ஏசிகே எல்லாம் உங்கள் பொது முகவரியின் 5060-க்கு வந்தது. 5060-ஐ நீங்கள் யாருக்குத் திருப்பினீர்கள்? 3-ஆம் மேசைக்கு. அலுவலகம் முழுதுக்குமான கடிதம் ஒரே வீட்டுத் திண்ணையில் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் போன் மட்டும் குணமானதன் ரகசியம் அதுதான்.

டயல்டோன்:

நன்றி, நன்றி. ஆனால் காரணம் எனக்குத் தெரியாது, பழக்கத்தில் சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அணைத்த கையோடு ரூட்டரை ஒருமுறை ரீபூட் செய்யுங்கள், அல்லது செஷன் பட்டியலையாவது துடையுங்கள். பழைய தொடர்புகள் பழைய விதியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். நான் ஒருமுறை அணைத்துவிட்டு, பலன் இல்லை என்று மறுபடி போட்டுவிட்டு, ஒரு நாள் முழுக்க வேறு எங்கோ தேடியிருக்கிறேன்.

முதல்மணி:

அணைத்தேன், ரீபூட் செய்தேன். 32 நொடி ஒழிந்தது. வரவேற்பில் இருப்பவர் 20 நிமிடம் பேசினார், அறவில்லை.

ஆனால் மணி அடிக்காத பிரச்சினை இப்போது முன்பைவிட மோசம்! முன்பு ஏழெட்டுப் போன்தான், இப்போது பாதிக்கு மேல். மேலாளர் "சரிசெய்யப் போய்க் கெடுத்துவிட்டாயா" என்று கேட்கிறார். இணைய லைன் போதவில்லை, பெரியது வாங்கலாம் என்றும் சொல்கிறார். ஏஎல்ஜி-யைத் திரும்பப் போடட்டுமா?

கம்பிக்காரர்:

போடாதே. இது எதிர்பார்த்ததுதான், முன்னமே சொல்லாதது என் தப்பு.

போன் உள்ளிருந்து பேசும்போது ஃபயர்வால் ஒரு கதவைத் திறக்கிறது. அந்தக் கதவு வழியாகத்தான் சர்வர் திரும்பி வர முடியும். யுடிபி-யில் (முன்தொடர்பு ஏற்படுத்தாமலே பாக்கெட்டை வீசும் முறை) கொஞ்ச நேரம் யாரும் போய்வரவில்லை என்றால் ஃபயர்வால் அதைச் சாத்திவிடும். உன் போன் பதிவைப் புதுப்பிப்பது எத்தனை நொடிக்கு ஒருமுறை என்று பார், 3600 என்று இருக்கும். ஒரு மணி நேரம். கதவு இரண்டு நிமிடத்திலேயே மூடிவிட்டால் மீதி நேரமெல்லாம் போன் "நான் பதிவாகியிருக்கிறேன்" என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், வெளியே சர்வர் மூடிய கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். நீ ஒரு அழைப்பு போட்டதும் கதவு திறக்கிறது, கொஞ்ச நேரம் மணி அடிக்கிறது. முதல் நாளே நீ சொன்ன அடையாளம் இதுதான். இதுவரை ஏஎல்ஜி பல போன்களுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது, அது போனதும் எல்லாம் வெளியே தெரிகிறது.

ஃபயர்வாலில் யுடிபி காலாவதி எத்தனை என்று பார். அதில் பாதிக்கும் குறைவாகப் போனில் கீப்அலைவ் (கதவு மூடாமல் இருக்க அவ்வப்போது அனுப்பும் சின்னப் பாக்கெட்) வை.

இரவுப்பணி:

கீப்அலைவ் போதும். பதிவு நேரத்தை 60 நொடி, 30 நொடி என்று குறைத்துப் பிடிவாதம் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், 42 போனும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லோடு சர்வரைத் தட்டினால் அது தாக்குதல் என்று நினைத்து உங்கள் முகவரியையே தடுத்துவிடக்கூடும்.

சேவையாளர் அனுமதித்தால் செய்தியைப் பூட்டி அனுப்பும் டிஎல்எஸ்-க்கு, போர்ட் 5061-க்கு மாறிவிடுவதே என் கட்சி. அது ஓடுவது டிசிபி-யில் (தொடர்பை ஏற்படுத்திக்கொண்டு பேசும் முறை), அந்தக் கதவு எளிதில் மூடாது. செய்தி பூட்டிய உறையில் போவதால் எந்த ஏஎல்ஜி-யும் உள்ளே கைவைக்க முடியாது. ஒரு பொறி உண்டு: போனின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். நேரம் சொல்லும் என்டிபி சர்வரை அடைய முடியாத போன் 1970 ஜனவரி 1-இல் இருப்பதாக நினைத்துக்கொண்டு, சர்வர் தன் அடையாளமாகக் காட்டும் சான்றிதழை "இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே" என்று மறுத்துவிடும். திரையில் "பதிவு தோல்வி" என்று மட்டும் போடும். நான் கடவுச்சொல்லை நான்கு முறை மாற்றிய பிறகுதான் திரையின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன்.

லைன் பற்றி மேலாளருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஜி.711 கோடெக்கில் நொடிக்கு 50 பாக்கெட். ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், தலைப்புகள் 40, ஈதர்நெட் 18, ஆக 218. ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் 87.2 கிலோபிட். 42 பேரும் ஒரே நேரத்தில் பேசினால்கூட 3.7 மெகாபிட்டைத் தாண்டாது. லைனின் அளவு பெரும்பாலும் பிரச்சினை இல்லை. யாராவது பெரிய கோப்பை மேலேற்றும்போது குரல் பாக்கெட் அதன் பின்னால் வரிசையில் நிற்பதுதான் பிரச்சினை. ரூட்டரில் அப்லோடை லைன் வேகத்துக்குச் சற்றுக் கீழே கட்டிவிட்டு, டிஎஸ்சிபி 46 முத்திரையோடு வரும் குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள். அந்த முத்திரையை இணையத்தில் யாரும் மதிப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், உங்கள் வாசல்வரைதான் அதற்கு மரியாதை.

எண்வட்டம்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் அலுவலகத்திலும் அறுகிறது, ஆனால் 32 நொடி இல்லை, 15 நிமிடம். நீண்ட கலந்தாய்வு அழைப்புகளில் மட்டும்தான் தெரியவருகிறது. ஏஎல்ஜி முன்பே அணைத்துத்தான் இருக்கிறது.

கம்பிக்காரர்:

15 நிமிடம் என்பது எண்ணியதா, மதிப்பா? எண்ணிவிட்டு வாருங்கள். என் ஊகம்: 15 நிமிடம் 32 நொடியை ஒட்டி இருக்கும்.

எண்வட்டம்:

15:31. இரண்டாம் முறை 15:33. எப்படிச் சொன்னீர்கள்?

கம்பிக்காரர்:

செஷன் டைமர். ஆர்எஃப்சி 4028. ஒரு அழைப்பு 1800 நொடிக்கு என்று பேசிவைத்துக்கொண்டு, பாதித் தூரத்தில், அதாவது 900-ஆவது நொடியில், "இன்னும் இருக்கிறாயா" என்று ஒரு பக்கம் கேட்கும். அதற்குப் பதில் வராவிட்டால் 32 நொடி காத்திருந்துவிட்டு வைத்துவிடும். அதே பழைய நண்பன். உங்கள் இடத்தில் அந்த நடுவழிக் கேள்வி தொலைகிறது. குரல் பாக்கெட் ஓடிக்கொண்டே இருந்தாலும் எஸ்ஐபி கதவு அதற்குள் மூடியிருக்கும், இரண்டும் வேறு வேறு கதவு. மேலே சொன்ன கீப்அலைவை நீங்களும் போடுங்கள். டைமரை அணைப்பது குறுக்குவழி, அறுந்துபோன அழைப்புகள் சர்வரில் பிணமாகக் கிடக்கும்.

முதல்மணி:

ஃபயர்வாலில் யுடிபி 60 நொடி என்று இருந்தது. கீப்அலைவ் 25 வைத்தேன். ஒவ்வொரு போனின் வெப் பக்கத்துக்கும் போய் 42 முறை தட்டத் தொடங்கினேன், 9 முடித்துவிட்டேன். வேறு வழி இருக்கிறதா என்று கேட்கலாம் என்று...

கம்பிக்காரர்:

ஐயோ. நிறுத்து. புரொவிஷனிங் கோப்பு எதற்கு இருக்கிறது? போன்களுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வரில் ஆப்ஷன் 66-இல் கோப்பு இருக்கும் சர்வரின் முகவரியைக் கொடு. போன் எழுந்ததும் அங்கே போய்ப் பொதுக் கோப்பு ஒன்றையும், தன் மேக் முகவரியின் (ஒவ்வொரு போனுக்கும் தயாரிப்பிலேயே தந்த தனி எண்) பெயரில் இருக்கும் சொந்தக் கோப்பையும் எடுத்துக்கொள்ளும். எல்லோருக்கும் பொதுவானது (கீப்அலைவ், கடிகாரம், கோடெக், வெப் கடவுச்சொல்) முதல் கோப்பில். எண்ணும் அதன் கடவுச்சொல்லும் இரண்டாவதில். நாளைக்கு ஒரு போன் உடைந்தால் புதுப் போனின் மேக் எண்ணுக்குக் கோப்பின் பெயரை மாற்றினால் போதும். ஃபேக்டரி ரீசெட் செய்த போனும் தானாக எழுந்து வரும்.

முதல்மணி:

சேவையாளரே மாதிரிக் கோப்பு கொடுத்தார்கள். 35 போன் எடுத்துக்கொண்டது. நான் ரீசெட் செய்த அதே ஏழு மட்டும் எடுக்கவில்லை!

டயல்டோன்:

இதில் எனக்கு அனுபவம் உண்டு, இந்த முறை காரணத்தோடு சொல்கிறேன். அந்த ஏழுக்கும் கோப்பின் பெயரை நீங்களே கையால் தட்டினீர்களா? போனின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் மேக் எண் பெரிய எழுத்தில் இருக்கும். போன் கேட்பது சின்ன எழுத்தில். லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு பெயர்.

முதல்மணி:

ஆமாம். அதேதான். சின்ன எழுத்தாக்கினேன், ஏழும் வந்துவிட்டன. காலையிலிருந்து எல்லாப் போனுக்கும் மணி அடிக்கிறது. ஸ்விட்சையும் மாற்றிவிட்டேன், 21 போனும் சேர்ந்து 90 வாட்டுக்குள்தான் எடுக்கிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். போனுக்கென்று தனி விலான் (அதே ஸ்விட்சுக்குள் பிரித்துவைக்கும் தனி வலை) வைக்கவில்லை, வைக்க வேண்டுமா? போனின் பின்னால் கம்ப்யூட்டரைச் செருக இன்னொரு போர்ட் இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமா?

இரவுப்பணி:

வையுங்கள். 42 போன் என்றால் தனி விலான் இல்லாமல் முன்னுரிமை, பாதுகாப்பு எதையும் ஒழுங்காகப் பிரித்துச் செய்ய முடியாது. ஸ்விட்சில் எல்எல்டிபி-மெட் போட்டுவிட்டால் போன் எழும்போதே தன் விலானைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். டிஎச்சிபி வழியாக விலான் சொல்லும் முறையைத் தவிர்க்கலாம். போன் முதலில் கம்ப்யூட்டர் வலையில் ஒரு முகவரி வாங்கும், அப்புறம்தான் தன் வலைக்குப் போய் இன்னொன்று வாங்கும். வாங்கிய முதல் முகவரியைத் திருப்பித் தராத போன்களும் உண்டு. 42 முகவரி சும்மா பூட்டிக்கிடக்கும், யாரோ ஒருவரின் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காது, அந்தப் பழி வைஃபை மேல் விழும்.

கம்பிக்காரர்:

நான் மாறுபடுகிறேன். விலான் நல்லதுதான், ஆனால் இப்போது வேண்டாம். எல்லாம் ஓடத் தொடங்கி ஒரு நாள்கூட ஆகவில்லை. ஒரு வாரம் ஓடட்டும், புகார் இல்லை என்று தெரியட்டும், அப்புறம் ஒரு விடுமுறை நாளில் ஸ்விட்ச் ஸ்விட்சாக மாற்று.

பின்புறப் போர்ட்டில் கம்ப்யூட்டரைச் செருகலாம். போன் 100 மெகாபிட் ரகமா, கிகாபிட்டா என்று பார். 100 என்றால் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் அதற்கு மேல் கிடைக்காது, பெரிய கோப்புகளோடு வேலை செய்கிறவர்கள் உன்னைத் தேடி வருவார்கள்.

டயல்டோன்:

அந்தப் போர்ட்டைப் பற்றி ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். ஒரு திங்கள்கிழமை காலை எங்கள் அலுவலகத்தில் எதுவுமே இல்லை. போன் இல்லை, இணையம் இல்லை, ஸ்விட்சில் எல்லா விளக்கும் வெறி பிடித்த மாதிரி ஒரே வேகத்தில் மின்னுகின்றன. மூன்று மணி நேரம் தேடினோம். மேசையைத் துடைத்த யாரோ, கம்ப்யூட்டர் எடுத்துச் செல்லப்பட்ட ஒரு இடத்தில் தரையில் தொங்கிய கேபிளைப் பார்த்து, பாவம் கழன்றுவிட்டதே என்று சுவரில் காலியாக இருந்த சாக்கெட்டில் செருகிவிட்டார். அதன் மறுமுனை போனின் பின்புறப் போர்ட்டில். போனுக்குள் இருப்பதும் ஒரு குட்டி ஸ்விட்ச்தான், சுவரிலிருந்து வந்து போன் வழியாகச் சுவருக்கே திரும்பிப் போகும் வட்டம். ஒரு பாக்கெட் நுழைந்தால் வெளியே வரவே வராது, சுற்றிச் சுற்றிப் பெருகும். ஸ்விட்சில் லூப் தடுப்பு எஸ்டிபி, போன் போர்ட்டுகளில் பிபிடியு கார்டு (எஸ்டிபி செய்தி அங்கே வந்தால் அந்தப் போர்ட்டை மூடிவிடும்), இரண்டையும் போட்டு வையுங்கள். கம்ப்யூட்டர் இல்லாத மேசைகளில் பின்புறப் போர்ட்டை அமைப்பிலேயே அணைத்துவிடுங்கள்.

முதல்மணி:

அந்தக் கதையை அச்சடித்து ஸ்விட்ச் அலமாரியில் ஒட்டப் போகிறேன். விலானை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கிறேன், எஸ்டிபி இன்றே.

மீதி இருப்பது 14-ஆம் மேசை. அங்கே ஜி.711-ஐ மட்டும் வைத்துப் பார்த்தேன், ஜி.722-ஐ மட்டும் வைத்துப் பார்த்தேன். குரல் போர்ட்டுகளைப் பார்த்தேன். பாக்கெட்டும் பிடித்தேன்: குரல் இரண்டு திசையிலும் ஓடுகிறது, வயர்ஷார்க்கில் போட்டால் எதிர்ப்பக்கத்தவர் "ஹலோ, ஹலோ" என்பது தெளிவாகக் கேட்கிறது. நம் பக்கத்திலிருந்து போவது வெறும் அமைதி. போன் பழுதா?

கம்பிக்காரர்:

முதல் நாள் நான் கேட்ட மூன்றாவது கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

முதல்மணி:

ஸ்பீக்கரில் கேட்கிறது. இப்போதுதான் போய் அழுத்திப் பார்த்தேன்.

கம்பிக்காரர்:

போனைக் கவிழ்த்துப் பார். சுருள் கம்பி எந்த ஓட்டையில் இருக்கிறது? அடியில் ஒரே மாதிரி இரண்டு இருக்கும்.

முதல்மணி:

ஹெட்செட் படம் போட்டதில் இருந்தது. பக்கத்தில் இருந்ததற்கு மாற்றினேன், கேட்கிறது. அந்த மேசையில் இருப்பவர் நான்கு நாளாகக் கோடெக் என்றால் என்ன என்று என்னிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க ரொம்பவும் கஷ்டப்படுகிறார்.